நாலே முக்காலுக்குக் கூப்பிட்டது யார்?

என் வசந்தா அக்காவுக்கு, அன்போடும், இந்த வாரம் முதல் கொஞ்சம் பயத்தோடும்,

முதலில் வம்பு. கணக்கு சார் மீசைக்கு டை அடிப்பதை நிறுத்திவிட்டார். தலைக்கு இன்னும் நிறுத்தவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அப்பாவும் பிள்ளையும் ஒரே சட்டையில் வருவது போல இருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் உங்கள் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு கால் ஆடுகிறது.

ஆறாவதிலிருந்து பத்தாவது வரை நீங்கள் வகுப்பாசிரியராக இழுத்து வந்த பிள்ளைகள் பிளஸ் டூ முடிக்கிறார்கள். பத்தாவது லீவில் நீங்கள் போய்விட்டதால் மிச்ச இரண்டு வருடத்துக்கு நான் அவர்கள் தலையில் விழுந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் பிரிவு விழா. பெண்கள் அம்மாக்களின் புடவையில், பையன்கள் பெல்ட் போட்டு இறுக்கிய வேட்டியில். ஆளுக்கொரு ஞாபகம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

எட்டாவதில் பள்ளிக்கரணைக்குப் பறவை பார்க்கப் போய், வேனுக்குள் வந்த குளவியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிய கதையை நாலு பேர் சொன்னார்கள். நான் பரீட்சை ஹாலில் தூங்கியதை ஒருவன் நடித்தே காட்டினான். வாய் திறந்திருந்த அளவு கொஞ்சம் அதிகம். மற்றபடி குறை சொல்ல முடியாது.

அப்புறம் ஜெனிஃபர் எழுந்தாள். அவளை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு பதினொன்றாவதில் வந்து சேர்ந்தவள், வீடு முடிச்சூரில். அரையாண்டில் நாலு பாடத்தில் ஃபெயிலாகி, படிப்பே வேண்டாம் என்று நின்றவள்.

"மிஸ் டெய்லி நாலே முக்காலுக்குப் போன் பண்ணி எழுப்பலன்னா நான் இங்க நின்னுருக்க மாட்டேன்" என்றாள். எல்லோரும் எனக்குக் கைதட்டினார்கள்.

அக்கா, உங்களிடம் என்ன மறைப்பது? பொதுத்தேர்வுக்கு முன்னால் பின்தங்கிய பத்துப் பேரை வகுப்பாசிரியர் விடியற்காலையில் போன் போட்டு எழுப்பி, நோட்டில் டிக் போட வேண்டும் என்ற வழக்கம் இன்னும் இருக்கிறது. திங்கள்தோறும் எச்.எம். பார்க்கிறார். வாரம் முழுவதற்குமான டிக்கை ஞாயிறு சாயங்காலமே, பேனாவை மாற்றி மாற்றிப் போட்டுவிடுவேன். ஒரு நாள்கூட ஒருவரையும் கூப்பிட்டதில்லை. ஏழு மணிக்கு முன்னால் நான் எழுந்து பார்த்த ஆள் என் கல்யாணப் புரோகிதர் மட்டும்தான்.

கைதட்டல் அடங்கியதும் ஜெனிஃபர் சிரித்துக்கொண்டே சொன்னாள். "எழுந்துட்டேன்னு சொன்னா நம்பவே மாட்டாங்க. 'வாயால சொல்லாத, ஜன்னலத் தொற. சத்தம் எனக்குக் கேக்கணும்'னுவாங்க. கேட்டப்புறம்தான் வைப்பாங்க."

அது யார் பேச்சு என்று உங்களுக்குத் தெரியும். பத்தாவதில் உங்கள் போனுக்கு ஜன்னல் திறந்து, அந்த லீவிலேயே உங்கள் உடலுக்கு மாலை போட்ட பிள்ளைகள் முன்வரிசையில்தான் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை, அக்கா. கழுத்து திரும்பவில்லை.

மற்ற ஒன்பது பேரையும் தனித்தனியாக விசாரித்தேன். "நீங்க எங்கள எப்ப மிஸ் கூப்டீங்க?" என்று கேட்டுவிட்டு, எனக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

யாரோ இவர்களில் ஒருத்தி விளையாடியிருப்பாள் என்று தேற்றிக்கொண்டு ஸ்கூல் கேட்டுக்கு வந்தால், ஜெனிஃபரின் அம்மா நிற்கிறார். மறைமலை நகரில் கம்பெனி வேலை, முதல் ஷிஃப்ட்.

"நீ கூப்டறதாலதான் மிஸ் நானும் கம்பெனி பஸ்ஸ வுடாம புடிக்கிறேன்."

எந்த நம்பரிலிருந்து வருகிறது என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"தூக்கத்துல நம்பர யாரு பாக்கறது? கொரலுதான். காலைல ஒனக்குத் தொண்ட கட்டிக்கினு கீது. இப்ப நல்லா கீதே."

உங்கள் தொண்டைக்கு எத்தனை பனங்கற்கண்டு வாங்கித் தந்திருப்பேன்!

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நாளைக்கு அந்தப் பெண் போனை எடுப்பாளா? பரீட்சை நெருங்கிவிட்டது. பயந்து ஒரு வாரம் படுத்துவிட்டால் அவ்வளவுதான். அதனால் பேசாமல் நன்றியை வாங்கிக்கொண்டேன், திருடியைப் போல. நீங்கள் பார்த்தேயிராத பெண்ணை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? நான் கைவிட்ட பத்துப் பேரில் இவள்தான் முதலில் விழுவாள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

பொய் டிக் போட்ட பக்கங்களைக் கிழித்து எச்.எம்.மிடம் கொடுத்து, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டேன். புது நோட்டு போட்டிருக்கிறேன், இரண்டு அலாரம் வைத்திருக்கிறேன். நாளையிலிருந்து கடைசிப் பரீட்சை வரைக்கும் பத்துப் பேரையும் நானே எழுப்புவேன். இது சத்தியம். முதல் போன் ஜெனிஃபருக்கு. அவள் எடுத்துவிட்டால், நீங்கள் ஓய்வெடுத்துக்கொண்டீர்கள் என்று நிம்மதியாகிவிடுவேன்.

எடுக்காமல், லைன் பிஸி என்று வந்தால் திரும்பக் கூப்பிட மாட்டேன், அக்கா. அவள் பெயருக்கு நேரே டிக்கும் போட மாட்டேன். நீங்கள் பேசி முடிக்கட்டும் என்று அடுத்த பெயருக்குப் போய்விடுவேன்.

உங்கள் சோம்பேறித் தங்கை,
மாலதி