மூஸுக்கு எந்தச் சன்னம்

இஞ்சேருங்கோ,

நவம்பர் பிறந்துவிட்டது. ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது, பின்வீட்டுத் தோட்டத்தில் வெடி கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். சத்தத்தைக்கூட ஒருமாதிரிப் பொறுத்துக்கொள்ளலாம். கதவில் கடிதம் போடும் துவாரத்தால் வெடிமருந்து மணம் உள்ளே வருகிறதே, அதுதான் எனக்கு ஆகாது. இன்றைக்கும் முதல் வெடிக்கே தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே போய் நின்றேன். ஐம்பதைத் தாண்டிய மனுசி, லண்டன் தோர்ண்டன் ஹீத்தில், தூசி இழுக்கும் ஹூவர் மெஷினுக்குப் பக்கத்தில். நீங்கள் இருந்திருந்தால், "வாரும் வெளியிலை, பொம்மர் பிளேன் போயிட்டுது" என்று பகிடி பண்ணியிருப்பீர்கள். பகிடி பண்ண ஆளில்லாததால் அங்கேயே கொஞ்சநேரம் நின்று உங்களை நினைத்தேன். நின்ற கையோடு இதை எழுதுகிறேன்.

என்னைப்போல ஒரு பயந்தாங்கொள்ளிக்கு வேட்டைக்காரர் வாய்த்ததை என்னவென்று சொல்வது? கலியாணம் பேசியபோது மாப்பிள்ளைக்கு நோர்வேயில் மீன் ஃபக்டரியில் வேலை என்றுதான் சொன்னார்கள். ஃபக்டரிக் கூட்டாளிகளோடு காட்டுக்குப் போய்ச் சுடவும் பழகியிருக்கிறீர்கள் என்று ஒருவரும் மூச்சு விடவில்லை. நான் வந்து இறங்கிய முதல் ஒக்டோபரில் முழங்கால் வரை சேற்றோடு வாசலில் நின்று, "மூஸ் ஒண்டு விழுத்தினனாங்கள்" என்றீர்கள்.

"மூஸ் எண்டால்?"

"மரை மாதிரி. ஆனா எங்கடை ஊர் மாட்டை விட ரெண்டு மடங்கு."

"அது உங்களுக்கு என்ன செய்தது?"

பதிலுக்கு இறைச்சிப் பொதியை நீட்டினீர்கள். அன்று முழுவதும் நான் குசினிப் பக்கம் போகவில்லை. பயத்தின் காரணம் உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் ஏழு வருடம் நேர்ஸாக நின்றவள் நான். மற்றவர்கள் வெடிச்சத்தத்தைக் கேட்டுப் பயந்தார்கள். அந்தச் சத்தம் முடிந்த பிறகு வருவதைத் துடைத்துக் கட்டியது நான்.

லண்டனுக்கு மாறி வந்த பிறகும் நீங்கள் அதை விடவில்லை. ஒக்டோபரில் ஒரு கிழமை லீவு எடுத்து நோர்வேக்குப் போய், பழைய நண்பரின் துவக்கை இரவல் வாங்கிச் சுடுவீர்கள். ஊரில் சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த வருடங்களில் ஒன்றில்தான் அது நடந்தது. நண்பர் தான் புதிதாக வாங்கிய பெரிய துவக்கைத் தந்திருந்தார். நீங்கள் சுட்ட சன்னம் நெஞ்சில் படாமல் பின்தள்ளி வயிற்றில் பட்டது. மூஸ் விழாமல் சதுப்புக்குள் நடந்து போய்விட்டது. நாயை விட்டுத் தேடியும் அடுத்த நாள் மத்தியானம்தான் அகப்பட்டது. அப்போதும் அதற்கு உயிர் இருந்தது. நண்பர்தான் முடித்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படியில் இருந்தீர்கள். "ஒரு ராத்திரியும் அரைப் பகலும் அது நோவோடை நிண்டிருக்குது. என்னாலை."

"இதோடை விட்டிடுங்கோ" என்றேன்.

"இப்ப விட்டால் சாகுமட்டும் இதுதான் நினைவிலை நிக்கும். ஒருக்கா ஒழுங்காச் செய்துபோட்டு விடுறன். சொந்தத் துவக்கு வேணும். சரியான தோட்டா வேணும்."

சொந்தத் துவக்கு என்றால் எங்கள் வீட்டுக்குள் துவக்கு. விமான நிலையத்தில் எங்கள் பெயரைக் கண்டாலே தனியே கூப்பிட்டு விசாரித்த காலம் அது. அப்படியான காலத்தில் தமிழன் ஒருவன் தானாகப் பொலிசுக்கு எழுதி, எனக்கொரு துவக்கு வேண்டும் என்று கேட்பதா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று உங்கள் முகத்துக்கு நேரேயே சொன்னேன். அந்தக் கிழமை குட்மேய்ஸிலிருந்து உங்கள் தங்கச்சி டெலிபோன் எடுத்து, கேசரி கிண்டப் போகிறேன், ஒரு கிலோ ரவைக்கு எவ்வளவு சீனி என்று கேட்டாள். ரவை என்றால் எங்கள் ஊரில் சன்னமும்தானே. "டெலிபோனிலை அந்தச் சொல்லுச் சொல்லாதையும்!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

சாப்பாட்டு மேசையில் புத்தகங்கள் விரிந்தன. "இஞ்சை வாரும். நீர் நேர்ஸ். உமக்குத்தான் இது விளங்கும்" என்று என்னை இழுத்து இருத்தினீர்கள். தோட்டாவைப் பிளந்து போட்ட படம்: பித்தளைக் கோது, அதற்குள் மருந்து, நுனியில் சன்னம். வேட்டைச் சன்னத்தின் மூக்கில் மெதுவான ஈயம் இருக்கும், உடம்பில் பட்டதும் காளான் மாதிரி விரியும் என்றீர்கள். முழுக்கச் செம்பு போர்த்தது விரியாமல் ஊடுருவிப் போகும். அது பட்டாளத்துச் சன்னம். மூஸுக்கு அதைப் பாவிப்பது சட்டப்படி குற்றம். விரிகிற சன்னமோ போருக்குக் கூடாதாம்.

"அப்ப மனிசருக்கு ஒரு சட்டம், மரைக்கு ஒரு சட்டமோ?"

"மனிசர் தப்பட்டும் எண்டு அந்தச் சட்டம். மிருகம் கிடந்து உத்தரிக்காமல் போகட்டும் எண்டு இந்தச் சட்டம்."

எனக்கு வார்ட்டில் கிடந்த ஒரு பஸ் கொண்டக்டர் நினைவுக்கு வந்தார். சன்னம் தோளால் புகுந்து நேரே வெளியே போனபடியால் பிழைத்த மனிதர். பிழைக்காதவர்களும் நினைவுக்கு வந்தார்கள். புத்தகத்தை மூடிவிட்டு எழும்பிப் போய்க் கை கழுவினேன். நீங்கள் பின்னால் வந்து துவாயை எடுத்துத் தந்தீர்கள்.

சன்னத்தின் வகையை அன்றே தீர்மானித்தாயிற்று. மூக்கு விரிந்தாலும் உடைந்து சிதறாமல் ஒரே துண்டாக நிற்கிற, கனமான சன்னம். மூஸின் தோள் எலும்பு தடித்தது. மெல்லிய சன்னம் அதிலேயே சிதறிப்போனால் நெஞ்சுக்குள் ஒன்றும் போய்ச் சேராது. எந்தத் தோட்டா என்பதில்தான் இழுபறி. ஒன்று, நோர்வேயில் வீட்டுக்கு வீடு இருக்கும் ஆறரை மில்லிமீற்றர். மற்றது, நீங்கள் முப்பது என்று சுருக்கிச் சொன்ன அமெரிக்கத் தோட்டா. அதில் மருந்தும் கூட, சுடும்போது தோளில் விழும் உதையும் கூட. நீங்கள் முப்பதுதான் என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். "பெரிய மிருகம். போனமுறை மாதிரி வரப்படாது. பெரிசுதான் வேணும்."

இரண்டையும் சுட்டுப் பார்க்க, லண்டனுக்கு வெளியே சரேயில் ஒரு சூட்டுப் பயிற்சிக் களத்துக்குப் போனோம். விருந்தாளிகளையும் விடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதலில் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். பிறகு, வீட்டில் தனியே இருந்து பயப்படுவதிலும் பார்க்கப் பக்கத்தில் இருந்தே பயப்படலாம் என்று வந்தேன். காதை மூட இரண்டு கிண்ணம் தந்து, உங்களுக்குப் பக்கப்பாடாக ஒரு கதிரையில் என்னை இருத்தினார்கள்.

முப்பதைத் தூக்கினீர்கள். முதல் வெடிக்கு நான் குனிந்துவிட்டேன். இரண்டாவதுக்கும் குனிந்தேன். மூன்றாவதுக்கு வெட்கம் வந்து, இனிக் குனியாமல் உங்கள் முகத்தையே பார்ப்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் கண்டேன். துவக்கு வெடிக்க ஒரு கணம் முதலே நீங்கள் கண்ணை இறுக்கி மூடினீர்கள். தோள் பின்னால் இழுபட்டது. நாலாவதும் ஐந்தாவதும் அப்படியே. களத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் இலக்கு அட்டையைப் பார்த்து, சூடு கொஞ்சம் பக்கத்தால் போகிறது என்று மட்டும் சொன்னார். அவருக்கு எப்படி விளங்கும்? ஊரில் ஷெல் கூவிக்கொண்டு வரும்போது பங்கர் குழிக்குள் நாங்கள் எல்லோரும் மூடினோமே, அந்த மூடல் அது.

பிறகு ஆறரையை எடுத்தீர்கள். அதன் உதை சின்னது. முதல் இரண்டுக்கும் கண்ணை மூடினீர்கள். மூன்றாவதுக்குத் திறந்திருந்தது. அட்டையில் கடைசித் துளைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன.

காரில் வரும்போது சொன்னேன். "உங்களுக்கு முப்பது ஏலாது."

"ஏன் ஏலாது?"

"கண்ணை மூடுறீங்கள்."

"ஆர், நானோ?"

"ஓம். போன ஒக்டோபரிலையும் மூடியிருப்பீங்கள். அதுதான் வயித்திலை பட்டது."

கலியாணம் முடித்த நாளிலிருந்து வீட்டில் பயந்தவள் நான் ஒருத்திதான் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. அதை நான் உடைத்துவிட்டேன். குரொய்டனில் சிவப்பு லைட்டில் கார் நின்றபோது, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னீர்கள்:

"ஓம், பயம்தான். பங்கருக்குள்ளை இருந்த பயம் இன்னும் போகேல்லை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

"ஆருக்குச் சொல்லப் போறன்? நானும் பங்கருக்குள்ளை இருந்தவள்தானே."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. பச்சை விழுந்ததும் தெரியாமல், பின்னால் நின்றவன் ஹோர்ன் அடிக்கும்வரை சிரித்தோம். "சரி, நீர் சொன்னபடி ஆறரை" என்றீர்கள்.

விண்ணப்பம் போட்டதும் பொலிஸ் அதிகாரி ஒருவர் வந்து, துவக்கு வைக்கச் சுவரில் பூட்டிய இரும்பு அலுமாரியை இழுத்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு குசினிக்கு வந்து என்னிடம் தனியாக, வீட்டில் துவக்கு இருப்பது உங்களுக்குப் பயமா என்று கேட்டார். "நோ" என்றேன். கையில் இருந்த தேத்தண்ணீர்க் கேத்திலின் மூடி கிடுகிடு என்று அடித்தது. அவர் அதைப் பார்த்தார். பொய் சொல்லி அகப்பட்டால் இன்னும் மோசம் என்று, "எனக்குத் துவக்கைக் கண்டால் பயம். அவரைக் கண்டால் பயமில்லை" என்று உள்ளதைச் சொன்னேன். அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். எங்கள் இரண்டு பேரையும் நாடு கடத்தப் போகிறார்கள் என்று தபால்காரரைக் காணும்போதெல்லாம் நடுங்கினேன். வந்தது அனுமதிப் பத்திரம்.

அந்த ஒக்டோபரில் ஒரு காலை பதினொரு மணிக்கு நோர்வேயிலிருந்து பேசினீர்கள். "விழுத்தியாச்சு. பத்தடிகூட நடக்கேல்லை. கண் திறந்துதான் இருந்தது." மூஸின் கண்ணைச் சொல்கிறீர்களா என்று கேட்க வாய் எடுத்தேன். பிறகுதான் விளங்கியது. கதிரையில் இருந்து அழுதேன். ஒரு உயிர் சுகமாகப் போனது என்று சந்தோசத்தில் அழுதேன், ஒரு நேர்ஸ். சொன்ன சொல்லுத் தவறாமல் நீங்கள் அந்த வருடத்தோடு வேட்டையை விட்டீர்கள், துவக்கையும் விற்றீர்கள். மூஸுக்குச் சன்னம் பார்த்துக் கொடுத்தவள் என்று என்னைக் கண்ட இடமெல்லாம் பகிடி பண்ணினீர்கள். வெளியில் முறைத்தாலும் எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

இரண்டு வருடம் கழித்து உங்கள் ஈரலில் புற்றைக் கண்டுபிடித்தார்கள். டொக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று கடுமையான மருந்து. ஆளைப் போட்டு அடிக்கும், ஆனால் சில மாதங்கள் கூடக் கிடைக்கலாம். மற்றது, நோவை மட்டும் அடக்கி வீட்டோடு இருக்க விடுவது. நீங்கள் யோசிக்கவே இல்லை. பெரிய மருந்தையே தாருங்கள் என்று இங்கிலிஷில் சொன்னீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். உங்கள் கண் இறுகுவதைக் கண்டேன், அல்லது கண்டதாக நினைத்தேன். "பெரிசு வேண்டாம்" என்றேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். டொக்டரைப் பார்த்து, இவள் சொன்னபடி என்று தலையை ஆட்டினீர்கள்.

ஏழு கிழமை இருந்தீர்கள், ஐம்பது நாள்கூட இல்லை. பெரிய நோவில்லாமல், வீட்டுக் கட்டிலில், என் கையைப் பிடித்தபடி போனீர்கள். நல்ல சாவு என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உங்கள் தங்கச்சியும் சொன்னாள். எனக்கு மட்டும் அந்தச் சொல் ஆகாது. களத்தில் ஒரு அட்டை இருந்தது, நான் சொன்னது சரியா பிழையா என்று துளைகளைப் பார்த்துச் சொல்லலாம். இதற்கு அப்படி ஒன்றும் இல்லை. அன்று டொக்டரின் அறையில் பயந்தது நீங்கள்தானா? நீங்கள் வாந்தியும் வேதனையுமாகக் கிடப்பதைப் பார்க்க ஏலாமல் பயந்தது நானாக இருந்தால்? அந்தச் சில மாதங்கள் உங்களுக்கு வேண்டியிருந்ததோ என்னவோ.

ஏழு கிழமையும் உங்கள் பக்கத்திலேயே இருந்தேன். ஒருதரம் கேட்டிருக்கலாம். கேட்க எனக்குப் பயமாக இருந்தது.