கால் லிட்டர்க் கோடு

அக்கா,

காலியான நன்னாரி சர்பத் பாட்டில் ஒன்றை இன்று காலை தண்ணீரில் ஊறப்போட்டு, அதன் மேலிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஊறிய பசையின் வாடை வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் போய்ச் சேர்ந்து இருபது வருடம் இருக்கும். உங்கள் மகள் சொல்லி அனுப்பியும் நான் துட்டிக்கு வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

எழுபதுகளின் கடைசியில், வண்டியூர்ப் பக்கத்துப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அது. லிட்டர், மில்லிலிட்டர் என்று கரும்பலகையில் எழுதினால் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் கொட்டாவி விடும். அவர்கள் வீட்டில் படியும் உழக்கும்தான். அதனால் நானே ஒரு காகித வேலை கண்டுபிடித்தேன். ஆளுக்கொரு பாட்டில். அதில் பள்ளியின் அளவுக் குவளையால் அரை லிட்டர் தண்ணீர். தண்ணீர் நிற்கிற உயரத்துக்கு ஒரு தாள் நறுக்கி, நடுவில் மடித்து, மடிப்பின்மேல் சிவப்புக் கோடு. அதுதான் கால் லிட்டர். மைதாப் பசையால் தாளைப் பாட்டிலில் ஒட்டினோம். பிராந்தி பாட்டில் கொண்டுவந்தவனைக்கூட நான் திட்டவில்லை, கழுவிக்கொண்டு வா என்றுதான் அனுப்பினேன். அவ்வளவு உற்சாகம்.

மறுநாள் காலை நீங்கள் பால் ஊற்ற வந்தபோது, என் மாணவி செல்வி அந்தப் பாட்டிலை நீட்டியிருக்கிறாள். நீங்கள் ஊற்றிய கால் லிட்டர் சிவப்புக் கோட்டைத் தொடவில்லை. அடுத்த வீட்டுப் பாட்டிலிலும் தொடவில்லை.

"எம்புட்டு நாளா இப்படி அளக்குற?" என்று செல்வியின் அம்மா கத்தியது என் வாசல்வரை கேட்டது.

"தாயி, இது முத்திரை போட்ட அளவு. இதை வச்சுத்தான் எம்பொழப்பே ஓடுது" என்றீர்கள். கேட்பாரில்லை. டீச்சர் ஒட்டிக்கொடுத்த காகிதம் பொய் சொல்லுமா?

சாயங்காலம் அந்தப் பாட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். கோபமே இல்லை. உங்கள் கால் லிட்டர் அளவால் ஒரு தடவை தண்ணீர் ஊற்றினீர்கள். கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. இன்னொரு தடவை ஊற்றினீர்கள். தாளின் உச்சிக்குச் சரியாக வந்து நின்றது.

"ரெண்டு காலு சேந்து அரை ஆயிருச்சுல்ல டீச்சரம்மா? அப்ப நடுக்கோடுதானே தப்பு?"

பாட்டில் அடியில் அகலம், கழுத்தில் குறுகல். உயரத்தில் பாதி, அளவில் பாதி ஆகாது. படித்த எனக்கு உறைக்காதது, இரண்டு எருமையை வைத்துப் பிழைத்த உங்களுக்கு ஒரு குவளைத் தண்ணீரில் விளங்கிவிட்டது.

"நீங்க சொன்னாக் கேப்பாக. பிள்ளைககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"நாளைக்கே சொல்லிடுறேன்க்கா."

மறுநாள் பள்ளிக்கு ஆய்வாளர் வந்தார். தலைமையாசிரியர் பாட்டில்களையெல்லாம் மேசையில் வரிசையாக அடுக்கிவைத்து, "பால்காரியோட கள்ள அளவையே பிடிச்சிட்டாக சார் நம்ம பிள்ளைக" என்றார். ஆய்வாளர் செல்வியைத் தட்டிக்கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, எல்லாப் பள்ளிக்கும் இது போகணும் என்றார். நான் கைகட்டி நின்றேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, பயந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பாராட்டு இனித்தது, அதுதான் உண்மை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை நான் நடத்தியே காட்டினேன்.

தெரு முழுக்க வேறு ஆளிடம் பால் வாங்கியது. என் ஒரு வீட்டுக்காக நீங்கள் அந்தத் தெருவுக்குள் வந்தீர்கள். எனக்கு மட்டும் எப்போதும்போலக் கொசுறும் ஊற்றினீர்கள். "இன்னும் சொல்லலியா டீச்சரம்மா?" என்று ஒரே ஒரு நாள் கேட்டீர்கள். அதன்பிறகு கேட்கவே இல்லை. நீங்கள் கேட்காத ஒவ்வொரு காலையும் எனக்குத் தண்டனையாக இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. ஐந்தாறு மாதத்தில் எருமைகளை விற்றுவிட்டுக் கொட்டாம்பட்டியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

அடுத்த வருடத்திலிருந்து நேரான பாட்டிலை மட்டுமே வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஏன் என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் செல்வியைப் பார்த்தேன். அவளுக்கே தலை நரைத்துவிட்டது. "எங்க டீச்சர், பால்காரியோட களவையே கண்டுபிடிச்சவுக" என்று மருமகளிடம் என்னைக் காட்டினாள். எனக்குத் தாங்கவில்லை அக்கா. பந்தியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டிலின் கழுத்து, நீங்கள் ஊற்றிக்காட்டிய இரண்டு கால் லிட்டர், நான் கொடுத்த வாக்கு, எதையும் விடவில்லை.

செல்வி பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் இலையில் பாயசம் போதுமா என்று பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அளவு சரின்னா தண்ணி கலந்திருப்பா, விடுங்க டீச்சர். அவளைப் பத்தித்தான் ஊருக்கே தெரியுமே."