எல்லோருக்கும் அப்பாவின் குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம், இருமல்கூட இல்லை. உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது? இங்கே நாரினில் இன்னும் பனி உருகவில்லை, விடுதியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். ஊரில் அம்மா நலம், சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறதாம், நோருஸ் பண்டிகைக்கு நீங்கள் பிஷ்கெக்கிலிருந்து வரும்போது வீடு நிறையப் பால் இருக்கும் என்றாள்.

அப்பா, நீங்கள் நம் மொழியில் குரல் கொடுத்த வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டேன், பதினாறு வயதானவர்களைச் சுவருக்குள் அடைத்து வைக்கும் அந்த நகரத்துக் கதை. அதன் மூல நாவலை நூலகத்தில் இரண்டு தடவை படித்திருப்பதால் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு. சுவர் நான் நினைத்த மாதிரியே இருக்கிறது, காக்கை உட்காரக்கூடப் பயப்படும் சுவர். ரொட்டி வரிசையில் யாரையும் பேசவிடாமல் எடுத்ததும் நன்றாக இருந்தது. ஆனால் பசியில் கிடக்கும் கதாநாயகிக்கு உதட்டுச் சாயம் எதற்கு? நாவலில் இல்லாத காதலன் வேறு. எல்லோருக்கும் நீங்கள் ஒருவரே பேசியிருப்பதால், அவன் உங்கள் குரலில் காதலைச் சொல்ல, அவளும் உங்கள் குரலிலேயே வெட்கப்பட, நாங்கள் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தோம். "உங்கப்பா தன்னைத்தானே கட்டிக்கப் போறாருடி" என்றாள் பக்கத்துக் கட்டில் பெகிமாய். நாங்கள் படம் பார்த்த செல்போனும் அவளுடையதுதான்.

அந்தச் சிரிப்பில்தான் மாட்டிக்கொண்டோம். வார்டன் ஜூரா அக்கா வந்தபோது போன் என் கட்டிலில் கிடந்தது. "உன் போன் என் அலமாரியிலதானே பூட்டியிருக்கு, அப்ப இது யாரோடது? காலைல பேரைச் சொல்லிடு கண்ணு, இல்லேன்னா நோருஸுக்கு வீட்டுக்குப் போறதை மறந்துடு" என்றார். பெகிமாய்க்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை கொடுத்தாகிவிட்டது, இன்னொன்று என்றால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார்கள். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, என் காலுறையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பயமாக இருக்கிறது அப்பா. நீங்கள் வீட்டுக்கு வருவதே வருஷத்தில் அந்த ஒரு பண்டிகைக்குத்தான். படத்திலும் இதே இடம் வருகிறது, தோழியின் பேரைச் சொல்லச் சொல்லி அந்த நகரத்து அதிபர் கதாநாயகியை மிரட்டுகிறார். நாவலில் அவள் மூன்று பக்கம் நடுங்குவாள், ஒரு தடவை சொல்ல வாயைக்கூடத் திறந்துவிடுவாள். படத்தில் இசை ஏறுகிறது, அவள் தலையை நிமிர்த்தி உடனே மறுத்துவிடுகிறாள், ஏதோ சுலபமான வேலை மாதிரி. படத்தின் பெரிய குறை அதுதான். ஆனால் "பேரைச் சொல்லு" என்று கேட்டதும் நீங்கள், "சொல்ல மாட்டேன்" என்றதும் நீங்கள், அந்த இரண்டாவதில் மட்டும் உங்கள் குரல் உடைந்தது. அதை அழித்துவிட்டுத் திரும்பப் பேசாமல் அப்படியே விட்டிருக்கிறீர்கள். நடிகை நடுங்க மறந்த இடத்தில் நீங்கள் நடுங்கியிருக்கிறீர்கள். முழுப் படத்திலும் எனக்குப் பிடித்தது அந்த ஓர் இடம்தான்.

காலையில் நான் பேரைச் சொல்லப்போவதில்லை. என் குரலும் உடையும், உடையட்டும். பண்டிகைக்கு நான் வரமாட்டேன் என்று அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், அழுவாள். ஊருக்குப் போகிற வண்டி நாரினில் நிற்கும்போது இறங்கிப் பள்ளி வாசலுக்கு வாருங்கள், கம்பிக்கதவு வழியாகப் பார்த்தால்கூடப் போதும்.

ஆட்டு வால்கொழுப்பைச் சூடான பாலில் கரைத்து மறக்காமல் குடியுங்கள். உங்களை வாழ்த்த எனக்கு வயது போதாது, ஆனாலும் உங்கள் தொண்டை நன்றாக இருக்கட்டும். வாசலில் என்னைக் கூப்பிடும்போது மட்டும் விளையாட்டுக்குக்கூட அந்த அதிபர் மாதிரி கூப்பிடாதீர்கள் அப்பா, நீங்களாகவே கூப்பிடுங்கள்.

கதவருகே காத்திருக்கும் உங்கள் மகள்,
சைகல்