பொங்கல் பக்கத்தை எடுக்கச் சொன்னது யார்

லேக் கார்டன்ஸ், கல்கத்தா
2009 பிப்ரவரி 9

கண்ணு ரமேஷ்பாபு,

துர்கா பூஜை அஷ்டமியன்று நீ போன் பண்ணினபோது இந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் உன் அண்ணன் சண்முகம், அண்ணி நீலாவதி, அவர்கள் மகள் பூர்ணிமா, பூஜைக் கிச்சடி கொடுக்க மேலே வந்த கீழ் வீட்டு ஷிப்ரா பௌதி, அப்புறம் நான். அந்த ஐந்து பேரும் இன்று வரை உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், பௌதிக்கு மட்டும் முழங்கால் வீக்கம். நீயும் மருமகளும் பேரனும் அந்தப் பனியில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கப் பழனியப்பன் துணை. வழக்கமாக நான் சொல்லச் சொல்லப் பூர்ணிமாதான் உனக்கு எழுதுவாள். இதை நானே எழுதுகிறேன், அவளுக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணும், பொறுமையாகப் படி. உன் அண்ணனுக்கு ஆபீஸில் இடம் மாற்றிப் போடுவார்கள் என்று பேச்சு இருக்கிறது, நிச்சயமில்லை. சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் நம் பக்கத்தில் இருந்த சேஷாத்ரியின் பெண்ணுக்குக் கல்யாணம், பத்திரிகை வைத்தார்கள், நான் போகவில்லை. என் அம்மிக்கல்லை இரவல் வாங்கிப் போய் இரண்டாக உடைத்துக் கொண்டுவந்து வைத்தவள் சேஷாத்ரி சம்சாரம், வைத்துவிட்டு அது ஏற்கனவே கீறல் விட்ட கல் என்று சொன்னவள். அது உனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே முதலிலிருந்து சொல்கிறேன், கிழவி நடுவில் விட்டுவிட்டாள் என்று யாரும் சொல்லக் கூடாது. முகமது இஸ்மாயிலை நினைவிருக்கிறதா, சாந்த்ராகாச்சி யார்டுக்குப் பின்னால் உன்னோடு பந்து உதைத்தவன், இப்போது ஹவுராவில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவன் சம்சாரம் ஹசீனாவுக்கு ஒரு கண் முன்பே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணில் வலி என்று வேலூருக்கு அழைத்துப் போனான். பொங்கலன்று காலையில் போய் இறங்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி கேட் மூடிக் கிடந்தது.

அந்த மூடின கேட்டுக்கு முன்னால்தான் உங்கள் அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு நாமும் ஒரு பொங்கலில் உட்கார்ந்திருந்தோம். பூ விற்கிறவள் பார்த்துவிட்டு, அவசரத்துக்குப் பின்பக்க வாசல் எந்நேரமும் திறந்திருக்கும், அங்கே போங்கள் என்றாள். நமக்குத் தமிழ் இருந்தது, கேட்டோம், பிழைத்தோம், பாஷை தெரியாத வங்காளிகள் வந்தால் என்ன செய்வார்கள் என்று உங்கள் அப்பா திரும்பி வரும் ரயிலெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். அவர் சொன்னதைத்தான், வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகிற வங்காளிகளுக்காக நம் வீட்டில் நடத்துகிற வெப்சைட்டில் பூர்ணிமா போட்டாள். எந்த ரயில், எந்தத் தெருவில் தங்கலாம், சீட்டு எங்கே வாங்குவது என்று உன் அண்ணன் இங்கே வருகிறவர்களுக்கெல்லாம் வாய் வலிக்கச் சொன்னது மற்ற பக்கங்கள். இந்த ஒரு பக்கம் உங்கள் அப்பாவுடையது. பொங்கல் மூன்று நாளும் கவுண்டர் திறக்காது, வலி இருந்தால் பின்வாசலுக்குப் போங்கள், பேச ஆள் வேண்டுமென்றால் லாட்ஜ் பாலசுப்ரமணியனைக் கூப்பிடுங்கள், அவருக்கு வங்காளி வரும் என்று போட்டு அவர் நம்பரும் அதில் இருந்தது.

அப்புறம் நீ அங்கிருந்து ஒரு புரோகிராம் எழுதி அனுப்பினாய், பூர்ணிமா அதை ஸ்கிரிப்ட் என்கிறாள். முன்னெல்லாம் எந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், என்ன வார்த்தை போட்டுத் தேடி வந்தார்கள், தேடினால் நம் பெயர் எத்தனையாவதாக வருகிறது என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து குறித்துக்கொண்டிருப்பாள், சோறு ஆறிப்போகும். ஸ்கிரிப்ட் வந்த பிறகு எல்லாவற்றையும் அதுவே எண்ணித் திங்கள் காலையில் ரிப்போர்ட் அனுப்பிவிடும். நல்ல காரியம், இல்லை என்று நான் சொல்லவில்லை. பெண் ஞாயிற்றுக்கிழமை வெளியே காற்றாடப் போனாள், தேடுகிற இடத்தில் நம் பெயரும் மேலே ஏறிற்று, உன் அண்ணன் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டான். எண்ணுவதோடு விட்டிருக்கலாம். மூன்று மாதம் ஆள் வராத பக்கத்தை அதுவே எடுத்துவிடும்படியும் நீ செய்திருந்தாய்.

அதைத்தான் அஷ்டமியன்று பூர்ணிமா உன்னிடம் கேட்டாள். போனைச் சத்தமாக வைத்திருந்தோம், எல்லோர் காதிலும் விழுந்தது. “சித்தப்பா, பொங்கல் பக்கத்துக்கு வருசத்துல ஒருக்காத்தான் ஆள் வருவாங்க. அத மட்டும் தொடாதேன்னு ஸ்கிரிப்ட்ல ஒரு வரி சேத்துக்கட்டுமா?” என்றாள். நீ, “ஒண்ணுக்கு விட்டா ஒம்பதுக்கு விடோணும். யாரும் பாக்காத பக்கம் சும்மா பாரம் கண்ணு, போகுது உடு,” என்றாய். அவள் விடவில்லை, “அது தாத்தா சொன்னது சித்தப்பா,” என்றாள். அதற்கு நீ, “அப்ப எங்கம்மா ஒருத்தி எழுத்துக்கூட்டிப் படிக்கறதுக்குன்னு ஒரு பக்கம் வெச்சுக்கலாமா?” என்றாய். உன் அண்ணன் சிரித்தான், அண்ணி சிரித்தாள், தமிழில் ஒரு வார்த்தை தெரியாத பௌதி கூடச் சேர்ந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, தொன்னையில் இருந்த கிச்சடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “சித்தப்பா சொல்றபடி செய் அம்மிணி, அவனுக்குத் தெரியாததா?” என்று உன் அண்ணன் முடித்து வைத்தான்.

இஸ்மாயில் அந்தப் பக்கத்தை வெயில் காலத்திலேயே படித்திருக்கிறான். டிக்கெட் எடுக்கும் முன் இன்னொரு தரம் பார்ப்போம் என்று சைபர் கஃபேயில் திறந்தால் பக்கமே இல்லை. பழுதாகிவிட்டது என்று அவனுக்குத் தோன்றவில்லை. இந்த வருஷம் மூடவில்லை போலிருக்கிறது, மூடுவதாக இருந்தால் சண்முகம் தாதா எழுதியிருப்பாரே என்று நினைத்துவிட்டான், அண்ணன் முறை வைத்துத் தாதா என்றுதான் இப்போதும் கூப்பிடுகிறான். நம் மேல் அவ்வளவு நம்பிக்கை. பின்வாசல் என்று வெயில் காலத்தில் படித்தது அவனுக்கு நினைவில் இல்லை, கேட்கத் தமிழும் தெரியாது. மூடின கேட்டுக்கு எதிரே ஒரு கடை வாசலில் மூன்று நாள் கிடந்திருக்கிறார்கள், அவள் முந்தானையைக் கண்ணில் இறுக்கிக் கட்டிக்கொண்டு. கேட் திறந்து உள்ளே போனதும் டாக்டர் பார்த்துவிட்டு, வந்த அன்றைக்கே காட்டியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றாராம். இப்போது அவளுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிறது.

ஊர் திரும்பியதும் இஸ்மாயில் நேரே இங்கே வந்தான். சண்டைக்கு வந்திருப்பான் என்று நீலாவதி கதவை முழுசாகத் திறக்கவே இல்லை. அவன் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே, தாதா, அந்தப் பக்கத்தைத் திரும்பப் போட்டுவிடுங்கள், அடுத்த வருஷம் இன்னொருத்தர் போவார்கள் என்றான். அதற்குத்தான் வந்தானாம். ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா என்று உன் அண்ணன் கேட்டான். எல்லாம் எழுதி வைத்திருக்கும்போது உங்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று நினைத்தேன் தாதா என்றான். அவன் படி இறங்கும் முன்னே பூர்ணிமா பக்கத்தைத் திரும்பப் போட்டுவிட்டாள், போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை.

இதெல்லாம் உனக்குத் தெரிந்த பிறகுதான் உன் மெயில் வந்தது. ஸ்கிரிப்ட் அதற்குச் சொன்ன வேலையைத்தான் செய்தது, எதெதை எடுத்தது என்று திங்கள்தோறும் பூர்ணிமா பார்த்திருக்க வேண்டும், கவனமில்லாத பெண் என்று நீ எழுதியிருந்ததை உன் அண்ணன் அவள் எதிரிலேயே சத்தமாகப் படித்தான். அவள் வாயைத் திறந்து சித்தப்பா சொன்னார் என்று சொல்லவில்லை, அப்பா முகத்தைத்தான் பார்த்தாள். அஷ்டமியன்று தம்பி என்ன சொன்னான் என்று நான் கேட்டேன். எனக்கு ஞாபகமில்லம்மா என்றான். நீலாவதியைக் கேட்டேன், கேட்டதற்குப் பதிலாக எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். எல்லோருக்கும் ஒரே நாளில் மறதி. ஏன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆவணியில் பூர்ணிமா உன்னிடம் வந்து மேலே படிப்பதாகப் பேச்சு, உன் மனம் கோணிவிட்டால் அது நின்றுவிடும் என்று பயம். அந்தப் பயத்தில் பெற்ற பெண்ணோடு அப்பன்காரன் இன்றுவரை பேசவில்லை.

அவள் எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கவே இல்லை, நானாகச் சொல்கிறேன். சனிக்கிழமை ஆனால் ஹவுராவுக்குப் போகிறாள், ஹசீனாவுக்கு அடுப்படியில் எது எங்கே இருக்கிறது என்று கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்துவிட்டு வருகிறாள். ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டாள், மறுபடியும் கையாலேயே எண்ணுகிறாள், ஒரு பக்கத்தையும் எடுப்பதில்லை, சாப்பாடு பாதி தட்டிலேயே கிடக்கிறது. நேற்று என்னிடம் வந்து, “அப்பத்தா, நா எங்கயும் போகல, கம்ப்யூட்டர் வேலையே வேண்டாம், ஒருத்தரோட கண்ண நாந்தான் எடுத்தேன்,” என்றாள். நீ எடுக்கவில்லை அம்மிணி என்று நான் சொன்னால் கிழவி பேத்திக்காகப் பேசுகிறாள் என்று ஆகிறது. அதைச் சொல்ல வேண்டியவன் நீ.

அதனால் இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அன்றைக்கு இருந்த எல்லோரையும் கூடத்தில் உட்கார வைக்கிறேன், பௌதியையும் கூப்பிடுகிறேன், முழங்கால் வலித்தாலும் வருவாள். போனைச் சத்தமாக வைப்போம். பூர்ணிமா கேட்டாள், நான்தான் வேண்டாம் என்றேன் என்று நீ உன் வாயால் சொல்ல வேண்டும். வேறு விளக்கம் எதுவும் எனக்கு வேண்டாம். அதற்குப் பிறகு இஸ்மாயில் பட்டறைக்கும் பேசு, நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும், அதை மட்டும் எந்தக் கோபத்திலும் மாற்றிக் கேட்க மாட்டேன். பேரனுக்குச் சனிக்கிழமை எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டச் சொல், வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

உன்னைப் பெற்ற அம்மா
அருக்காணி

கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்று. போன கிருத்திகைக்கு முருகன் கோயிலில் சேஷாத்ரி சம்சாரத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு நானாகவே போய்ப் பெண் சௌக்கியமா என்று கேட்டேன், அவள் அழுதுவிட்டாள். அம்மிக்கல்லை விட்டுவிட்டேன். பூர்ணிமாவோடு பேசாத உன் அண்ணனை, பயந்தவன் என்று விட்டுவிட்டேன். ஒரே ஓர் ஆளை மட்டும் மன்னிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை அந்தப் போன் வராவிட்டால் மன்னிக்கப் போவதுமில்லை. உறையின் மேல் பெயர் எழுதியிருக்கிறேன், ரமேஷ்பாபு.