டென்டுக்குள் நான் தைத்த சுவர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் வீட்டில் சுகம், அம்மாவும் சின்னவளும் மலையில் சுகம் என்று நம்புகிறேன், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, தெம்பாக இருப்பாய் என்றே வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். அப்படி இல்லையென்றால் பதிலில் முதல் வரியாக அதை எழுது, சுற்றி வளைக்காதே. என் முழங்கால் பழையபடி மாடிப்படியில் மட்டும் முரண்டு பிடிக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகியதை நானே சரிசெய்கிறேன் பேர்வழி என்று இறங்கி, சொட்டிக்கொண்டிருந்தது பீய்ச்சியடிக்க ஆரம்பித்து, கடைசியில் குழாய்க்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அம்மா இதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், உனக்கும் எப்படியும் சொல்லுவாள், அதனால் நானே முந்திக்கொள்கிறேன். கடையில் வேலைக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, ஊரில் உள்ள பைகளின் ஜிப் எல்லாம் பேசிவைத்துக்கொண்டு அறுந்ததுபோல வந்து குவிகின்றன.

போன மாதம் ஃபோனில், வீட்டில் ஏன் ஆளுக்கொரு மூலையில் இருந்து பேசுகிறீர்கள், சண்டையா என்று நீ கேட்டாய், நான் ஒன்றுமில்லை என்று மழுப்பினேன். சண்டைதான். இப்போது தீர்ந்துவிட்டது, அம்மாவும் வீட்டில் இல்லை, அதனால் முழுசாக எழுதுகிறேன். அவள் இருந்தால் இவ்வளவு புகழ்ந்து எழுத விடமாட்டாள், தோளுக்குப் பின்னால் வந்து நின்று அதை அடி இதை அடி என்பாள்.

சின்னவள் ஒரு நடைக் குழுவில் சேர்ந்திருக்கிறாள் என்று சொன்னேன் இல்லையா, பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளுமாக முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய், டென்ட் அடித்துத் தங்கி வருகிற கூட்டம். அதற்குத் தலைவர் நம் தெருமுனைப் பல் டாக்டர். இந்த வருஷம் யார் எந்த டென்டில் படுப்பது என்று பிரிக்கிற வேலையை அவர் அம்மாவின் தலையில் கட்டினார். நீச்சல் குளத்தில் இத்தனை வருஷமாகக் கரையில் உட்கார்ந்து ஊர்ப் பிள்ளைகளைக் காவல் காக்கிறவள், இதைச் செய்யமாட்டாளா என்று. நானும் இதென்ன பிரமாதம், பாயை விரித்தால் படுத்துவிட்டுப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் கடையை மூடிவிட்டு வருகிறேன், கூடம் முழுக்கப் போர்வை விரித்துக் கிடக்கிறது, போர்வை மேலெல்லாம் செருப்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டால், ஒவ்வொரு போர்வையும் ஒரு டென்டாம், பெரிய செருப்பு பெரியவர்களாம், சின்னச் செருப்பு பிள்ளைகளாம். பல் டாக்டருக்கு என் பழைய பூட்ஸைக் கொடுத்திருந்தாள், தனக்கு உன் சிவப்புச் செருப்பை வைத்துக்கொண்டாள், நீ விட்டுப்போனதை இன்னும் துடைத்து வைத்திருக்கிறாள். மண்டியிட்டு அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டே இருந்தாள். பையன்கள் தனி, பெண்கள் தனி. பிள்ளைகளோடு பிள்ளைகள், அதிலும் வயதில் கிட்டத்தட்ட ஒத்தவர்கள், மீசை முளைத்தவனைப் பொடியனோடு போடக்கூடாது. பெரியவர்களோடு பெரியவர்கள், அவர்கள் டென்ட் இரண்டு ஓரத்திலும், பிள்ளைகள் நடுவில். பெற்ற தாயோ தகப்பனோ தன் பிள்ளையோடு படுக்கலாம், மற்றபடி ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் ஒரே டென்டுக்குள் என்ற பேச்சே கிடையாது. யாராக இருந்தாலும் கிடையாது.

எல்லாம் ஒழுங்காக வந்தது, ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் எந்தப் போர்வையிலும் நிற்கவில்லை. சின்னவளின் வகுப்புத் தோழி ஒருத்தி, பஸ் ஓட்டுகிற ஒரு அம்மாவின் மகள். அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய். தூக்கத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். கையில் ஒரு கருவி ஒட்டியிருக்கிறார்கள், இறங்கினால் அது கத்தும், ஆனால் இவள் எழுந்திருக்கமாட்டாள், அப்படி ஒரு தூக்கம். வீட்டில் அவள் அம்மா பக்கத்திலேயே படுத்து, அது கத்தும்முன்பே பாதி ராத்திரிகளில் எழுந்து உட்கார்ந்துவிடுவாராம். மலைக்கு வர அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பெரியவர் ஒருவர் கூடப் படுக்காவிட்டால் அனுப்பமாட்டேன் என்கிறார், பெரியவர் கூடப் படுக்க விடமாட்டேன் என்கிறாள் உன் அம்மா. அந்தப் பெண்ணோ வருஷம் பூராவும் இந்த மலையையே சொல்லிக்கொண்டிருந்தவள், போக முடியாது போலிருக்கிறது என்று தெரிந்ததும் கடைக்கு வந்து, மாமா, ஜிப் மாத்தக் குடுத்த பையை இப்ப அவசரமா தைக்க வேணாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

கூட்டம் போட்டார்கள். கணக்கு டீச்சர் தானாகவே எழுந்து, நான் அவளை என் டென்ட்ல வச்சுக்கறேன் என்றார். அந்த டீச்சரை உனக்குத் தெரியாது, பூனைக்குட்டியைக்கூட அதட்டிப் பேசாத ஜென்மம். எல்லோரும் அப்பாடா என்று கை தட்டினார்கள். உன் அம்மா மட்டும் கூடாது என்றாள். பல் டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. டீச்சர் மேலயே சந்தேகமா உங்களுக்கு என்று சத்தம் போட்டார். டீச்சர் கண்ணில் தண்ணீர். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து, நான் குளத்துக் கரையில உட்கார்ந்திருக்கறது யாரையும் சந்தேகப்பட்டு இல்ல டாக்டர், நல்லா நீந்தத் தெரிஞ்சவனுக்கும் நான் அங்கதான் உட்கார்ந்திருப்பேன், இன்னைக்கு நல்லவங்களுக்குன்னு கதவைத் திறந்தா நாளைக்கு வர்றவங்க கிட்ட நீங்க நல்லவரான்னு யார் கேக்கறது என்றாள். ஒருவருக்கும் முகம் சரியில்லை. அன்று நானும் அவள் பக்கம் நிற்கவில்லை, அதை மறைப்பானேன். வழியெல்லாம் உனக்கு எதிலும் பிடிவாதம் என்று திட்டிக்கொண்டே வந்தேன்.

அப்புறம்தான் என் மூளை வேலை செய்தது. கேள் இந்தக் கூத்தை. குழுவில் ஒரு பெரிய டென்ட் சும்மா கிடந்தது. அதைக் கடைக்குத் தூக்கிவந்து, நல்ல தடித்த துணி எடுத்து, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு சுவர் தைத்துவிட்டேன். இந்தப் பக்கம் டீச்சர், அந்தப் பக்கம் பெண், வாசலும் தனித்தனி. ஒரே டென்ட், ஆனால் இரண்டு அறை, விதியும் தப்பவில்லை, பெண்ணும் போகலாம். தையல் என்றால் தையல், இரட்டை நூல், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் விரித்துக் காட்டினேன், பல் டாக்டர் முதுகில் தட்டி, அடுத்த தலைவர் நீங்கதான் என்றார். அம்மா உள்ளே குனிந்து போனாள். சுவரின் கீழ் விளிம்பை ஒரே விரலால் தூக்கிவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து தலையை மட்டும் நீட்டி என்னைப் பார்த்தாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்ததும், நல்லாத்தான் தைச்சிருக்கீங்க, பிரிச்சிடுங்க என்றாள். அதற்குப் பிறகுதான் நீ ஃபோனில் கேட்ட அந்த ஆளுக்கொரு மூலை.

நான் முறுக்கிக்கொண்டு திரிந்த நாட்களில் அவள் என்ன செய்தாள் தெரியுமா? முதலில் கணக்கு டீச்சர் வீட்டுக்குப் போனாள். உங்களைத் தள்ளிவைக்கறதா நினைக்காதீங்க, ராத்திரி அந்தக் கருவி கத்தினா நீங்க ஒருத்தியா எழுந்து, ஒருத்தியா முடிவு பண்ணி, நாளைக்கு ஒருத்தியா பதில் சொல்லணும், உங்களையும் நான் தனியா விடமாட்டேன் என்றிருக்கிறாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வாய் விட்டுட்டேனே தவிர அன்னைக்கிருந்து பயத்துல எனக்குச் சாப்பாடே இறங்கலை என்றாராம். நாங்கள் எல்லோரும் கை தட்டினோமே, அந்தப் பயம் எங்களில் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. அடுத்து அந்தப் பெண்ணிடமே போய், உனக்கு யார் கூடப் படுக்கணும் என்று கேட்டாள். இவ்வளவு பெரிய மனிதர்கள் இத்தனை கூட்டம் போட்டோம், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை பார். அவள் சொன்னாளாம், நோயாளி மாதிரி டீச்சர் பக்கத்துல படுக்கறதுக்கு நான் வீட்டுலயே இருப்பேன் ஆன்ட்டி, எனக்கு ஃப்ரெண்ட்ஸ் கூடப் படுக்கணும் என்று.

அதன்பிறகு செருப்புகள் மளமளவென்று இடம் மாறின. மூன்று பேர் படுக்கிற டென்டில் அந்தப் பெண் நடுவில். ஒரு பக்கம் நம் சின்னவள், இன்னொரு பக்கம் அவர்கள் வகுப்பில் வாயாடி என்று பேர் வாங்கிய ஒருத்தி. சின்னவள் தூங்கினால் கட்டிலோடு தூக்கிப்போனாலும் தெரியாது, அது அம்மாவுக்குத் தெரியாதா, அவளைத் துணைக்குத்தான் போட்டாள். வாயாடிதான் காவல், எலி ஓடினால் எழுகிற ஜாதி. கருவி கத்தினால் அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, கூப்பிடுவது. வாசலுக்கு நேர் எதிரே அடுத்த டென்டில் அம்மாவும் டீச்சரும். இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுவார்கள், சேர்ந்துதான் போவார்கள், பழச்சாறு கொடுத்து, சர்க்கரை ஏறும்வரை இருந்து, சேர்ந்து திரும்புவார்கள். அந்தப் பெண்ணின் டாக்டரையும் பார்த்து எதை எவ்வளவு கொடுப்பது என்று இரண்டு பேரும் கேட்டு வந்தார்கள். பல் டாக்டர் போர்வைகளைச் சுற்றி நடந்து பார்த்தார், தன் பூட்ஸ் எங்கே என்று கேட்டார், பிறகு, நான் கத்தினதுக்கு என்னைக் கடைசி டென்ட்ல போட்டது சரிதான் என்றார். நல்ல மனிதர், கோபம் வந்த வேகத்தில் போய்விடும்.

பஸ் ஓட்டுகிற அம்மா மட்டும் சம்மதிக்கவில்லை. சொல்ல நல்லா இருக்கு, நடக்குமா என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? அதனால் மலைக்கு முந்தின வாரம் பள்ளி மைதானத்தில் ஒரு ராத்திரி தங்கிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இது சரியா நடந்தா மலை, இல்லைன்னா நானே வேண்டாம்னு சொல்லிடறேன் என்று உன் அம்மா வாக்குக் கொடுத்தாள். அவர் மைதானத்து வாசலிலேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன் என்றார், அம்மா பிடிவாதமாக வீட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

காலையில் நான் ரொட்டியும் ஃப்ளாஸ்க்கில் டீயும் எடுத்துக்கொண்டு போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் கதை கிளம்பிவிட்டது. ராத்திரி கருவி கத்தியிருக்கிறது. வாயாடி எழுந்து போட்ட சத்தத்தில் மைதானமே எழுந்து, பல் டாக்டர் டார்ச்சைத் தேடுகிறேன் என்று டென்ட் கம்பியைப் பிடுங்கி, டென்ட் அவர் மேலேயே சரிந்து, அவரை வெளியே எடுக்க நான்கு பேர். அந்த அமர்க்களத்துக்குள் அம்மாவும் டீச்சரும் போய், கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, எல்லாம் சரியாகிவிட்டதாம். சின்னவள் மட்டும் காலையில் எழுந்து, நேத்து ஏதாவது ஆச்சா என்று கேட்டிருக்கிறாள்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் ஓட்டுகிற அம்மா ஓடிவந்தார். தலை வாரவில்லை, கன்னத்தில் தலையணை மடிப்பு அப்படியே பதிந்திருக்கிறது. மூச்சு வாங்க நின்று, ஏதோ கொலை செய்துவிட்டு வந்தவர் மாதிரி, நான் தூங்கிட்டேங்க என்றார். இவளுக்கு இது வந்ததிலிருந்து நான் ஒரு ராத்திரி முழுசாத் தூங்கினதில்ல, நேத்து சும்மா சாய்ஞ்சேன், வெயில் மூஞ்சில அடிக்கறப்பதான் முழிச்சேன், என்னங்க இப்படித் தூங்கிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மகள் வாய் நிறைய ரொட்டியோடு, ராத்திரி இறங்கிச்சும்மா, இவங்க எழுப்பினாங்க, இப்ப சரியாயிடுச்சு, நீ டீ குடிக்கறியா என்றாள். அவர் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் உன் அம்மாவைத் தேடினேன், அவள் டென்டை மடிக்கிறேன் என்று எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், நான் கிட்டே போனதும் கண்ணில் தூசி என்றாள். இவளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அன்றைக்குப் பார்த்த மாதிரி இவளை நான் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது கண்ணு, வெளியே சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

அந்தப் பெண்ணும் மலைக்குப் போயிருக்கிறாள். அவள் பைக்குப் புது ஜிப் வைத்துக் கொடுத்தேன், இரட்டை நூல்.

இனி உனக்கு ஒரு வேலை. நீ அங்கே தனி அறையில் இருக்கிறாய். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று எத்தனையோ கேட்டிருக்கிறோம், ராத்திரி உனக்கு ஒன்று என்றால் முதலில் யார் கதவைத் தட்டுவார்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. பக்கத்து அறையோ, மாடிவீடோ, நீ நம்புகிற இரண்டு பேரிடம் பழகிவைத்துக்கொள், அவர்கள் பேரும் ஃபோன் நம்பரும் எனக்கு அனுப்பு. அம்மா மலையிலிருந்து இறங்குவதற்குள் அனுப்பிவிடு, வந்ததும் அவள் கையில் கொடுக்கிறேன். அவள் உன்னிடம் சொல்லமாட்டாள், ஆனால் நீ போனதிலிருந்து அவளும் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கி நான் பார்க்கவில்லை.

நோய்நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் சூழ, தீர்க்காயுசாக இரு.

உன் அப்பா