மாசியில் பெய்த மழை

மதினி,

இன்று காலை மண் நனைந்த வாசம் வீட்டுக்குள் வந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். அறுத்த குதிரைவாலி களத்தில் திறந்துதான் கிடக்கிறது. மூடப் போகவில்லை. ஊரெல்லாம் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. நான் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

அண்ணன் போன பிறகு நரிக்குடிக்குத் தெற்கே அந்தக் கரிசலை நாம் இரண்டு பேரும்தான் பார்த்தோம். புரட்டாசியில் விதைத்தால் ஐப்பசியில் மழை பிடிக்கும். அதில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. நாம் சேர்ந்து விதைத்த கடைசி வருஷம், முதலில் போட்ட விதை முளைவிட்டுக் கருகியது. வங்கக்கடலில் புயல் என்றது செய்தி. கிழக்கே கறுத்துத் திரண்டதை வரப்பில் நின்று பார்த்தோம். அது அப்படியே வடக்கே போய், அங்கே அறுப்புக்கு நின்ற நெல்லையெல்லாம் மூழ்கடித்தது. நமக்குத் தூறல்கூட இல்லை.

தூத்துக்குடியில் வேலை பார்க்கும் உங்கள் மகள் போனில் சொன்னாள்: “கடல் முன்னைக்கு ரொம்பச் சூடாயிருச்சும்மா. அதான் மழை காலந்தப்பி வருது. வந்தா ஒரேயடியாக் கொட்டுது.”

“கடல் சூடானா கடக்கரைக்காரன் பாடு. நமக்கும் அதுக்கும் என்னத்தா?” என்றீர்கள்.

மறுவாரம் வீரசோழனிலிருந்து வழக்கமாக வரும் கருவாட்டுக்காரம்மா பாதிக் கூடையோடு வந்தார். கரையோரத் தண்ணீர் சூடேறி மீனெல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டதாம். நீங்கள் கூடைக்குள் எட்டிப் பார்த்தீர்கள். “மழையையும் திங்குது, மீனையும் திங்குது. இந்தக் கடலுக்கு இன்னும் எம்புட்டுப் பசியோ!” மூன்று பேரும் சிரித்தோம்.

பிறகு கஞ்சிக்கென்று வைத்திருந்த குதிரைவாலியை எடுத்து மறுபடி விதைக்கக் கிளம்பினீர்கள்.

“திங்கிறதுக்கு?” என்றேன்.

“ரேஷன் அரிசி இருக்குல்ல. வாய மூடிட்டு வெத.”

கார்த்திகைக் கடைசியில் கிடைத்த கொஞ்ச மழையைப் பிடித்துக்கொண்டு பயிர் எழுந்துவிட்டது. மாசியில் அறுத்துக் களத்தில் சேர்த்தபோது, ஒரு கதிரைக் கையில் கசக்கி, உமியை ஊதிவிட்டு, அப்படியே வாயில் போட்டு மென்றீர்கள். அவ்வளவு சந்தோஷமாக உங்களை நான் பார்த்தது அதுதான் கடைசி.

மாசியில் நம் பக்கம் மழை ஏது? ஆனால் மகள் போன் பண்ணினாள். கடலில் மறுபடி ஏதோ திரண்டிருக்கிறது, சாயங்காலத்துக்குள் வந்துவிடும், கதிரை மூடுங்கள் என்றாள். அன்றைக்குத்தான் நீங்கள் கடலை நம்பினீர்கள். செருப்புகூடப் போடாமல் ஓடினீர்கள். பின்னாலேயே நான். தார்ப்பாயின் ஒரு பக்கம் உங்கள் கையில், மறு பக்கம் என் கையில். காற்று அதைப் பிடுங்கியது.

“விட்றாதத்தா, இறுக்கிப் புடி!” என்று கத்தினீர்கள்.

வெள்ளையாக ஒன்று தெரிந்தது. நான் எழுந்தபோது நீங்கள் கதிர்மேல் குப்புறக் கிடந்தீர்கள். விரல்கள் தார்ப்பாயை விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் மழை இறங்கியது.

எழவு வீட்டில், உங்களை இன்னும் தூக்கவில்லை, வாசலில் நின்ற ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: “எப்படியோ கம்மாய்க்குத் தண்ணி வந்துருச்சப்பா.” அவரை அடிக்க எழுந்தேன். பெண்கள் பிடித்து உட்காரவைத்தார்கள். அவரும் சம்சாரிதான். அவர் சொன்னதும் நிஜம்தான்.

கருமாதிக்குள் களத்துக் கதிரெல்லாம் முளைத்துப் பச்சையாகிவிட்டது. ஆடுகளை விட்டார்கள். நீங்கள் கிடந்த இடத்திலும் மேய்ந்தன. சோற்றுக்கு அரிசி வாங்கப் போனால், வடக்கே வெள்ளத்தில் நெல் போய்விட்டது, அரிசி விலை ஏறிவிட்டது என்றார் கடைக்காரர். வந்த சொந்தங்களுக்குப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டோம்.

உங்கள் மகள் சாப்பிடவில்லை. “நான் போன் பண்ணாம இருந்திருக்கணும் அத்தை. கதிர் நனைஞ்சிருக்கும். அம்மா இருந்திருக்கும்.”

சோற்றை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அன்றோடு சரி. மழை வருமென்று தெரிந்தாலும் அவள் எனக்குப் போன் பண்ணுவதில்லை.

மின்னல் விழுந்த அன்றிலிருந்து எனக்கு வலது காது கேட்பதில்லை. அருப்புக்கோட்டை டாக்டர் பார்த்துவிட்டு, இனி வராது என்றார். யாராவது அந்தப் பக்கம் நின்று பேசினால் திரும்பி இடது காதைக் கொடுக்கிறேன். வலது காதில் கடைசியாக விழுந்தது உங்கள் குரல். அதற்குமேல் அதில் எதுவும் விழவில்லை.