அப்பா அடைத்து வைத்த மடை

மார்கழிப் பனியிலும் சட்டை போடாமல் தோட்டத்துக்குக் கிளம்பிவிடும் என் அப்பாவுக்கு,

ஓடை இன்றைக்கும் ஆவி விட்டுக்கொண்டுதான் ஓடுகிறது. காலையில் பால் வாங்கப் போனவள் பாலத்தில் சற்று நின்றேன். வெள்ளைப் புகைக்குள் யாரோ முழங்கால் தண்ணீரில் நிற்பதுபோல் தெரிந்தது. நீங்கள்தான் என்று நினைத்தேன். ஆவி விலகியபோது அது கரையோரத்துக் கருவேலஞ்செடி. தெரிந்த பிறகும் நான் நகரவில்லை. அது நீங்களாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போதெல்லாம் உங்களிடம் பேசுவது சுலபமாக இருக்கிறது. நீங்கள் இருந்தபோது நாம் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை உங்களுக்கு மட்டும் எழுதவில்லை, அப்பா. ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஏன் என்று போகப்போகத் தெரியும். கோபப்படாமல் கேளுங்கள்.

ஊருக்கு மேற்கே அந்த ஆலை வந்தபோது நான் ஆறாம் வகுப்பு. கருவேல மரத்தையும் தென்னை மட்டையையும் எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை. ஊருக்குள் அதற்கு 'கரண்டு மில்' என்று பெயர். இயந்திரங்களின் சூட்டைத் தணித்துவிட்டு வெளியே வரும் தண்ணீரை நம் ஓடையில் விட்டார்கள். மழை பெய்தால் மட்டும் ஓடும் ஓடை, சித்திரை வெயிலிலும் ஓடியது. குஜிலியம்பாறைப் பக்கத்து வறண்ட காட்டில் பிறந்தவர்களுக்கு அது என்ன மாதிரி இருந்திருக்கும்! பெண்கள் வெந்நீர் வருகிறது என்று துணிமூட்டையோடு வந்தார்கள். யாரோ ஆலையின் வாசலில் தேங்காய்கூட உடைத்தார்கள்.

நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தண்ணீரில் இறக்கிவிட்டீர்கள். விடியாத நேரம். சுற்றிலும் குளிர், கால்களில் மட்டும் இதமான சூடு. கரைகள் தெரியவில்லை. வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே எங்கோ மிதப்பதுபோல் இருந்தது. "இனி நம்மூரு பஞ்சம் போச்சு தாயி" என்றீர்கள். அப்படிச் சிரித்து அதற்கு முன்பும் பின்பும் உங்களை நான் பார்த்ததில்லை.

அப்போது நீங்கள் பேரூராட்சி கவுன்சிலர். தேர்தலில் ஜெயித்த கையோடு, கைநாட்டு வைக்கக் கூச்சமாக இருக்கிறது என்று என்னிடம் சிலேட்டை நீட்டினீர்களே, நினைவிருக்கிறதா? வெள்ளைச்சாமி என்ற பெயரை எழுதப் பழக உங்களுக்கு ஒரு வாரம் ஆனது. கடைசி எழுத்து மட்டும் எப்போதும் மேலே ஏறிப்போகும்.

அதே அலுவலகத்தில்தான் நான் இப்போது தற்காலிகக் கணினி வேலை பார்க்கிறேன். திண்டுக்கல்லில் வேதியியல் படித்த பெண் தீர்மானங்கள் தட்டச்சு செய்கிறாளே என்று நீங்கள் வருத்தப்பட மாட்டீர்கள் என்று தெரியும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கும் வேலை. அது போதும் உங்களுக்கு. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. அது போதும் எனக்கு.

ஆலைக்குத் தந்த அனுமதிக் காலம் இந்த வருடம் முடிகிறது. அவர்கள் இன்னும் கூடுதலாகத் தண்ணீர் விட அனுமதி கேட்டிருக்கிறார்கள். மாசைக் கவனிக்கும் வாரியத்திலிருந்து பேரூராட்சியின் கருத்தைக் கேட்டுக் கடிதம் வந்தது. எழுத்தர் அதை என் மேஜையில் வைத்துவிட்டு, "பழைய தீர்மானம் இருக்கும்மா. தேதிய மட்டும் மாத்தி அடிச்சிரு" என்றார்.

பழைய தீர்மானப் புத்தகத்தை எடுத்தேன். பக்கத்தைப் புரட்டினேன். 'முன்மொழிந்தவர்' என்ற இடத்தில் உங்கள் பெயர். கீழே கையெழுத்து. கடைசி எழுத்து மேலே ஏறியிருந்தது.

அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. ஒருவர் சின்னப் பிள்ளையிடம் எழுதக் கற்றுக்கொண்டு போய் இதில்தான் கையெழுத்துப் போட வேண்டுமா? உங்களுக்கு அன்றைக்கு அதைப் படித்துக் காட்டினார்களா? 'ஓடையில தண்ணி வருமாம், கையெழுத்துப் போடுங்க' என்றார்களா? அப்படித்தான் இருக்கும். தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் ஊரா நம் ஊர்?

ஆனால் அந்தத் தண்ணீர் ஆலைக்குள் சுற்றிச் சுற்றி ஓடி, வற்றி, உப்பு மிஞ்சிய தண்ணீர். வரப்பில் வெள்ளை பூத்தபோது எல்லோரும் ஏதோ உரம் என்றார்கள். கத்தரி இலையின் ஓரம் கருகியபோது வெயில் என்றார்கள். நீங்கள் மட்டும் ஒருநாள் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தீர்கள். துப்பவில்லை. விழுங்கிவிட்டு நின்றீர்கள். பிறகு மண்வெட்டியை எடுத்து, ஓடைத் தண்ணீர் நம் தோட்டத்துக்குத் திரும்பும் மடையை அடைத்தீர்கள். மேலே மண் மூட்டையும் வைத்தீர்கள். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "அம்மாகிட்டச் சொல்லாத" என்று மட்டும் சொன்னீர்கள்.

அம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஊருக்குத்தான் தெரியாது. நெஞ்சு வலி வந்ததால் விவசாயத்தை விட்டுவிட்டார் என்று ஊர் நினைத்தது. நீங்களும் நினைக்கவிட்டீர்கள். நமக்கு அடுத்த தோட்டத்தில் மாரிமுத்து மாமா அதே தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சிக்கொண்டே இருந்தார். சொந்தத் தங்கையைக் கொடுத்தவர்போல் உங்களை மச்சான் மச்சான் என்று அழைத்த மனிதர்.

இரண்டு வருடம், அப்பா.

புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று அம்மாவிடம் மெல்லச் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

"கையெழுத்துப் போட்டாருன்னா போட்டாரு. அதுக்கு இப்ப என்ன?"

"மடைய அடைச்சதையும் கூட்டத்துல சொல்லணும்மா. சொன்னாத்தான் நம்புவாக."

"போய்ச் சேந்த மனுசன் பேரத் தெருவுல இழுக்கப்போறியா? ஒன்னயப் படிக்க வச்சது இதுக்குத்தானாடி?" என்று எழுந்து போய்விட்டது. வெங்காயத்தால் கண் கலங்கியதா, இதனாலா, நான் கேட்கவில்லை.

நம் அலுவலகத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கூட்டத்துக்கு முதல் நாளே பொருளோடு தீர்மானத்தையும் சேர்த்து அடித்துவிடுவார்கள். டீ வருவதற்குள் புத்தகம் கையெழுத்துக்கு ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். பிறகு பேசுவது எல்லாம் தெருவிளக்கு, சாக்கடை, யார் வீட்டுக் கல்யாணம். நான் அன்றைக்கு எல்லாவற்றையும் ஒழுங்காக அடித்தேன். ஆலையின் பொருளுக்குக் கீழே மட்டும் எதையும் அடிக்கவில்லை. நான்கு வரி இடம் வெறுமையாக விட்டேன். எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. அடிக்காமல் இருக்க முடிந்தது.

மறுநாள் கூட்டத்தில், அடித்த தாளை ஒட்டிய புத்தகத்தை எழுத்தர் முதலில் பார்த்தார். "என்னம்மா, இதுல தீர்மானத்தக் காணோம்?"

"இன்னும் கூட்டமே நடக்கலையே சார்."

"கூட்டம் நடந்துதான் தீர்மானம் எழுதணும்னா நாம எப்ப வீட்டுக்குப் போறது?" என்று சிரித்தார். அதற்குள் புத்தகம் மாரிமுத்து மாமாவின் கைக்குப் போய்விட்டது. அவர்தான் இப்போது உங்கள் வார்டின் கவுன்சிலர். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"ஏத்தா மருமகளே, மிசினு நின்னு போச்சா? மிச்சத்த நாங்க வந்து அடிக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரம்மா, "சும்மா இருங்கண்ணே. போன தடவ என்ன எழுதிருக்கு? படி கண்ணு" என்றார்.

நின்று படித்தேன். ஓடையில் நீர் விடுவதால் ஊரின் நீர்த்தேவை தீரும், எனவே மன்றத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று படித்தேன். முன்மொழிந்தவர் வெள்ளைச்சாமி என்று படித்தேன். உங்கள் பெயரை அத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"கேட்டீகளா?" என்று மாமா நாற்காலியில் நிமிர்ந்தார். "என் மச்சான் கொண்டாந்த தண்ணி. அதுக்கு முன்ன ஆடு குடிக்கத் தண்ணி கெடையாது இந்த ஊருல. மச்சான் இருந்தா நிறுத்தச் சொல்லுவாரா? இந்தா, அவரு மகளே நிக்கிது. கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அறை எங்கோ தூரமாகப் போய்விட்டது. மின்விசிறியின் சத்தம் தண்ணீர் ஓடுவதுபோல் கேட்டது. எனக்கு உடம்பு இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. ஆனால் குரல் வந்தது. என் குரல்தான்.

"அப்பா கடைசி ரெண்டு வருசம் அந்தத் தண்ணிய எங்க தோட்டத்துக்கு விடல மாமா."

"அவருக்கு ஒடம்புக்கு முடியல. வெள்ளாமய விட்டாரு. அது வேற."

"இல்ல மாமா. மண்ண நாக்குல வச்சுப் பாத்தாரு. உப்புன்னு தெரிஞ்சு மடைய அடைச்சுட்டாரு. மண் மூட்டை இன்னும் அங்கதான் கெடக்கு. நான் பக்கத்துல நின்னேன்."

மாமாவின் தென்னைகள் குருத்துக் கருகி மொட்டையாக நிற்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தில் இருந்த உங்கள் கையெழுத்தைப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா?"

"ஆமா மாமா."

"தெனமும் எங்கூடத்தான டீ குடிச்சாரு."

இதற்கு நான் என்ன பதில் சொல்வது, அப்பா? நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில் அல்லவா?

கவுன்சிலர் அக்கா ஒருவர் மட்டும், "ஓட வத்திட்டா மாட்டுக்கு என்ன பண்ணுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாமா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "எழுதுத்தா. வேணாம்னு எழுது. முன்மொழிஞ்சது மாரிமுத்துன்னு போடு" என்றார். நான் விட்டிருந்த நான்கு வரியில் கையாலேயே எழுதினேன். கழிவு நீரை ஓடையில் விட இம்மன்றம் கடும் ஆட்சேபணை தெரிவிக்கிறது. இரண்டு பேர் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார்கள். மற்றவர்கள் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டார்கள். படித்துப் பார்த்துவிட்டு, அப்பா.

மாமா என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து நம் தெரு வழியாக வருவதில்லை. சுற்றிப் போகிறார்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. "சொல்லிட்டியா?" என்றது. தலையசைத்தேன். திட்டும் என்று நினைத்தேன். கீரையை உருவிக்கொண்டே, "அவருக்கும் சொல்லணும்னுதான் இருந்துச்சு. இன்னைக்கு மாரிமுத்துகிட்டச் சொல்லிருறேன்னுதான் காலையில கெளம்புவாரு. டீயக் குடிச்சுட்டு வந்துருவாரு" என்றது.

அந்தக் காலைகளை எத்தனையோ தடவை நினைத்துப் பார்க்கிறேன். டீக்கடை பெஞ்சில் நீங்களும் மாமாவும். பனி. கையில் சூடான கிளாஸ். வாய் வரைக்கும் வந்த சொல்லை டீயோடு சேர்த்து விழுங்கியிருப்பீர்கள். கொண்டுவந்தவரே வேண்டாம் என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்தீர்களா? உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அது அப்படியே எனக்கும் வந்திருக்கிறது, மூக்கைப்போல. புரிவதால் அது சரியாகிவிடாது என்பதும் தெரிகிறது.

வாரியத்துக்காரர்கள் வந்து ஓடைத் தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். திண்டுக்கல்லில் ஆட்சியர் அலுவலகத்தில் எல்லோர் கருத்தையும் கேட்கப்போகிறார்களாம். முடிவு எப்படி வரும் என்று தெரியாது. நமக்குச் சாதகமாக வந்தால் ஓடை வறண்டுவிடும் என்பது மட்டும் தெரியும். அதற்கு ஊர் என்னையும் ஏசும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நாளை ஞாயிற்றுக்கிழமை. காலையில் மாமா வீட்டுக்குப் போகிறேன். "நானும் வாரேன்" என்று அம்மா சொல்லிவிட்டது. மன்றத்தில் நான் சொன்னது நடந்த விஷயம். மன்னிப்பு அதில் இல்லை. அதைக் கேட்கத்தான் போகிறோம். அவர் கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நின்று கேட்போம். திறந்து ஏசினாலும் கேட்டுக்கொள்வோம். உங்களைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். பயந்தவர் என்று சொல்வேன். பிறகு ஆட்சியர் அலுவலகத்திலும் இதையே சொல்வேன். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். எதையும் விழுங்கிவிட்டுத் திரும்பி வர மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குத் தருகிறேன்.

உங்கள் மகளும்,
மாரிமுத்து மாமா இன்னும் ஒப்புக்கொண்டால் அவருக்கு மருமகளுமான,
ஜோதி